ஒன்றரை மணிக்குள் முடிய வேண்டிய ஸ்கூட்டர் வேலை: எனக்குக் கைகொடுக்கும் கருவிகள்

பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்குக் கலைகிறது. திருகோணமலை அலஸ்தோட்டத்தில், நிலாவெளி வீதியோரமாக இருக்கும் என் கராஜின் நாளும் அந்த இரண்டு மணியோசைகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது. காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரைக் கொண்டுவந்து விடுகிற ரீச்சர் ஓட்டோ பிடித்துப் பாடசாலைக்குப் போவார். ஒன்றே முக்காலுக்கு வாசலில் வந்து நிற்பார். பிள்ளையைப் பின்னேர வகுப்புக்கு ஏற்ற வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், உவர்மலையில் இருக்கும் வயதான தாயை எட்டிப் பார்க்க வேண்டும். வண்டி இல்லாவிட்டால் அவருடைய அன்றைய நாளே குலைந்துபோகும். 'நாளைக்கு வாருங்கள் ரீச்சர்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அதோடு, வருகிற வண்டிகளும் இளமையானவை அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவே கிட்டத்தட்ட ஐந்து வருடம் இருந்த வண்டியையே எல்லோரும் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். பத்து வருடத்து டியோவும் ஸ்கூட்டி பெப்பும் இன்றும் தினமும் இந்த வீதியில் போகின்றன. போதாததற்கு நாம் இருப்பது கடலோரம். உப்புவெளியிலும் சாம்பல்தீவிலும் இரவு முழுக்க வெளியே நிற்கும் வண்டியின் ஆணிகளை உப்புக்காற்று உள்ளே புகுந்து பிடித்துவிடும். கண்டியிலிருந்து வாங்கிவந்த பழைய வண்டியில் கையால் சுழலும் நட், இங்கே இரண்டு வருடம் நின்றால் கல்லாகிவிடுகிறது.

ஒரு மாதம் முழுவதும் ஒவ்வொரு வேலையிலும் நேரம் எங்கே போகிறது என்று கொப்பியில் எழுதிப் பார்த்தேன். நட் சுழற்றுவதில் போன நேரம் சொற்பம். கழன்று வராத ஆணியோடு மல்லுக்கட்டியதிலும், வைத்ததைத் தேடியதிலும், பூட்டியதைப் பிழை என்று கண்டு திரும்பக் கழற்றியதிலும்தான் மணிக்கணக்கு கரைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு கருவி வாங்கும் புத்தியே எனக்கு மாறிவிட்டது. வேகமாகச் சுழலும் கருவியைத் தேடுவதை விட்டு, இந்த மூன்று விரயத்தையும் தடுக்கும் கருவிகளைத் தேடினேன். வீட்டில் தன் வண்டியைத் தானே பார்ப்பவர்களுக்கும், புதிதாகத் தொழில் பழகும் தம்பிமாருக்கும் உதவும் என்பதால் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

பிடித்துப்போன ஆணி

முதலில் ஸ்குரூ டிரைவர். இதைச் சொன்னால் பலரும் ஆச்சரியப்படுகிறார்கள். ஹொண்டா, யமஹா, சுசுக்கி வண்டிகளில் இருக்கும் நட்சத்திரத் தலை ஆணிகள் பெரும்பாலும் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் டிரைவரின் முனை அந்த வெட்டுக்குள் அடிவரை இறங்காது. பார்வைக்குப் பொருந்தியதுபோல் இருக்கும். அழுத்திச் சுழற்றியதும் மேலெழும்பி வழுக்கும். இரண்டு தடவை வழுக்கினால் தலை வட்டமாகிவிடும். தலையில் ஒரு சின்னப் புள்ளிக் குழி இருந்தால் அது ஜப்பானிய வெட்டு என்று தெரிந்துகொள்ளலாம். புள்ளி இல்லாமலும் வருவதுண்டு. ஜப்பானிய முனையுள்ள டிரைவர்களை, இரண்டாம் இலக்கத்தில் ஒன்றும் மூன்றாம் இலக்கத்தில் ஒன்றுமாக, கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். மூன்று வருடமாக அவற்றால் நான் ஒரு தலையையும் கெடுத்ததில்லை.

முன் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில், கைப்பிடியில் இருக்கும் பிரேக் ஒயில் கிண்ணத்து மூடியை இரண்டு சிறிய ஆணிகள் பிடித்திருக்கும். இந்த ஊரில் மிக அதிகமாகத் தலை கெடுவது அந்த இரண்டும்தான். மழையும் உப்பும் மேலேயே விழுகின்றன, ஆணியோ மெல்லியது. நான் செய்வது இதுதான்: பழைய பல்துலக்கும் தூரிகையால் வெட்டுக்குள் இருக்கும் அழுக்கை எடுக்கிறேன். டிரைவரை நேராக நிறுத்தி, அதன் பின்புறத்தில் சின்னச் சுத்தியலால் நாலைந்து தடவை மெல்லத் தட்டுகிறேன். தட்டும்போது 'டொக்' என்று மந்தமாகக் கேட்ட சத்தம் 'டிங்' என்று கூர்மையானால், முனை அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தட்டிலேயே மரையில் பிடித்த உப்பும் உடைகிறது. பிறகு முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, உடம்பின் பாரத்தை டிரைவர் மேல் இறக்கி, ஒரே ஒரு கால் சுற்று. அசைந்துவிட்டால் அப்புறம் விரலாலேயே எடுக்கலாம். இதற்கு இரண்டு நிமிடம் போகும். தலை கெட்டபின் துளைபோட்டு எடுக்கப் போனால் அரை நாள்.

எஞ்சின் கவர்போல் தடித்த இடத்தில் ஆணி பிடித்திருந்தால் கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரை எடுக்கலாம். சுத்தியலால் அதன் தலையில் அடிக்க, அந்த அடி முனையை உள்ளே அழுத்தியபடியே சுழற்றவும் செய்யும். மின்சாரம் வேண்டாம், விலையும் பெரிதில்லை. ஆனால் அதைப் பிரேக் கிண்ணத்திலோ பிளாஸ்டிக் தாங்கும் மெல்லிய இடத்திலோ வைக்கவே கூடாது. மெல்லிய அலுமினியம் வெடித்துப்போகும்.

சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டு நட்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்கு ஆறாத கவலை ஒன்று உண்டு. தொழில் தொடங்கிய காலத்தில், அவசரத்தில் நீளமான பிடியைப் போட்டு இழுத்து, ஒரு தாதியின் வண்டியில் அந்த நட் ஏறும் மரைத்தண்டை, அதாவது ஸ்டட்டை, முறித்துவிட்டேன். அவருக்கு அன்று இரவு வேலை. எஞ்சின் தலையைக் கழற்றி, முறிந்த துண்டைத் துளைத்தெடுத்துப் புது ஸ்டட் போடுவதற்குள் இரண்டு நாள் ஆயிற்று. அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. இரண்டு நாளும் பஸ்ஸில் போய்வந்தார். அன்றிலிருந்து சைலன்சர் வேலை என்று தெரிந்தால் முந்தின நாள் பின்னேரமே வண்டியைக் கேட்கிறேன். நட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் ஒயிலை விட்டு, இரவு முழுக்க ஊறவிடுகிறேன். காலையில் ஒரு தடவை சூடாக்கும் துப்பாக்கியால் நட்டுக்கு மட்டும் சூடு காட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுக்கிறேன். சூடு காட்டும் முன் வழிந்த ஒயிலைத் துடைத்துவிடுவதும், அருகே பெற்றோல் குழாய் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

திரும்பப் பூட்டும்போது அந்த மரையில் செம்புக் கிறீஸ் தடவுங்கள். ஒரு டப்பா வாங்கினால் பல வருடம் வரும். அடுத்த தடவை அதே நட்டை நீங்களே கழற்ற நேரும்போது அதன் அருமை தெரியும். கடலோரத்தில் வண்டி வேலை செய்பவர் வாங்க வேண்டிய முதல் பொருள் எது என்று கேட்டால், ஸ்பனரைச் சொல்லமாட்டேன், இந்தச் செம்புக் கிறீஸைத்தான் சொல்வேன்.

டீ ஸ்பனரும் பிளக்கும்

8, 10, 12, 14 மி.மீ. அளவுகளில், ஆங்கில T எழுத்தின் வடிவில் இருக்கும் நீளமான டீ ஸ்பனர் நான்கு இருந்தால் ஸ்கூட்டரின் பெரும்பாலான ஆணிகள் அடங்கிவிடும். இறுக்கத்தை உடைத்ததும் நடுத்தண்டை விரலால் உருட்டிவிட்டால் போதும், தானாகச் சுழன்று வெளியே வரும். எட்டுக்கு மட்டும் நல்லதாக வாங்குங்கள். ஹொண்டா ஸ்கூட்டர்களில் பெல்ட் பக்கத்துக் கவரைப் பிடித்திருப்பவை எட்டுத் தலை ஆணிகள். மலிவு ஸ்பனரின் வாய் அகன்றுபோய் அந்தச் சின்னத் தலையை உருட்டிவிடும். ஆறு பக்க வாய் உள்ளதா என்று பார்த்து எடுக்க வேண்டும். பன்னிரண்டு பக்க வாய் துருப்பிடித்த தலைக்கு ஆகாது.

ஸ்கூட்டரில் ஸ்பார்க் பிளக் மறைந்திருக்கும் இடம் ஒவ்வொரு மொடலிலும் ஒவ்வொன்று. கைபோகாத இடத்துக்கு 16 மி.மீ. பிளக் சொக்கெட், ஒரு நீட்டுத் தண்டு, ஒரு மடங்கும் மூட்டு ஆகிய மூன்றும் வேண்டும். பத்து மில்லிமீற்றர் மரையுள்ள, இன்றைய ஸ்கூட்டர்களில் பரவலாக இருக்கும் பிளக்குக்கு அந்தப் பதினாறுதான் அளவு. திரும்பப் போடும்போது முதலில் சொக்கெட்டால் ஏற்றாதீர்கள். ஒரு சாண் பெற்றோல் ரப்பர் குழாயைப் பிளக்கின் பின்முனையில் செருகி, அந்தக் குழாயை விரலால் உருட்டி மரையில் ஏற்றுங்கள். மரை நேராக இருந்தால் பிளக் இறங்கும். கோணலாக இருந்தால் குழாய் வழுக்கிச் சும்மா சுழலும், மரை கெடாமல் தப்பிவிடும். அலுமினியத் தலையில் மரை கெட்டால் ஏற்படும் செலவை நினைத்தால், இந்த ஒரு சாண் குழாய்க்கு விலையே இல்லை.

பெல்ட் பக்கம்

ஸ்கூட்டர் வேலையில் நேரம் அதிகம் போவதும், பிழை அதிகம் நடப்பதும் இங்கேதான். முன்னே, வேகத்துக்கு ஏற்ப பெல்டை ஏற்றி இறக்கிக் கியரின் வேலையைச் செய்யும் வேரியேட்டர் கப்பி, பின்னே கிளச்சோடு சேர்ந்த கப்பி, நடுவே பெல்ட். முன்கப்பி நட்டைக் கழற்றும்போது எஞ்சினும் சேர்ந்து சுழலும். அதை அடக்க ஒரு பிடிகருவி வேண்டும். கத்தரிக்கோல்போல் விரியும் இரண்டு கைகளும் நுனியில் முளைகளும் உள்ள பொதுப் பிடிகருவி ஒன்று விற்கிறார்கள். அநேகமான மொடல்களுக்கு அதுவே பொருந்தும். கிளச் கிண்ணத்துக்கு வார்ப்பட்டைப் பிடி நல்லது.

இந்தக் கருவி இல்லாதவர்கள் முன்கப்பியின் விசிறி இதழ்களுக்கு நடுவில் டிரைவரைச் செருகி அடக்குகிறார்கள். தம்பலகாமத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த வண்டியில் இரண்டு இதழ்கள் இல்லை. முன்பு எங்கோ வேலை செய்தபோது முறிந்திருக்கின்றன. முறிந்தது தெரியாமல் மூடியும் விட்டார்கள். சமநிலை தவறிய கப்பி அதிர்ந்து அதிர்ந்து ஒயில் சீலையும் தின்றுவிட்டிருந்தது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிடிகருவியின் விலை ஒரு முன்கப்பியின் விலையைவிடக் குறைவு.

பற்றரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் என்னிடமும் இருக்கிறது. கழற்ற மட்டும் எடுக்கிறேன். இரண்டு வினாடியில் நட் வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் அதே கருவியால் இறுக்கக் கூடாது. எவ்வளவு இறுகியது என்று அது சொல்லாது. அச்சின் மரையும் பல்லும் கெட்டால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

வேரியேட்டரை வெளியே எடுக்கும்போது பின்தட்டையும் சேர்த்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து எடுங்கள். தட்டு விலகினால் உள்ளே இருக்கும் ரோலர் என்ற சிறு உருளை தன் பள்ளத்தை விட்டு விழுந்துவிடும். அதைக் கவனிக்காமல் பூட்டினால் வண்டி ஓடாது, மறுபடி முதலிலிருந்து பிரிக்க வேண்டும். ரோலர்களை வெர்னியர் அளவியில் பல கோணத்தில் திருப்பித் திருப்பி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் முழுத் தொகுதியையும் மாற்றுவதுதான் சரி. பெல்டின் அகலத்தையும் அதே அளவியால் எடுத்து, அந்த மொடலின் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்து 'இன்னும் ஓடும்' என்று சொல்லி அனுப்பிய பெல்ட்கள் குச்சவெளிப் பக்கத்து வெயிலில் அறுந்து, ஆட்களை நடுவீதியில் நிறுத்தியிருக்கின்றன.

இனி, இந்தப் பகுதியின் உயிர்நாடி. பெல்டைத் திரும்பப் போடும்போது பின்கப்பியின் இரண்டு பாதிகளையும் விரித்து, பெல்டை அதன் அடிவரைக்கும் உள்ளே அமுக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கத்தில் பெல்ட் தளர்ந்து தொங்கும். அந்தத் தளர்வு இல்லாமல் முன்கப்பியை வைத்து நட்டை இறுக்கினால், கப்பியின் முகம் பெல்டை நெரித்துக்கொண்டு நிற்கும், அச்சில் அடிவரை போய் உட்காராது. நட் இறுகியதுபோல் கைக்குத் தெரியும். பத்து கிலோமீற்றர் ஓடியதும் பெல்ட் ஒதுங்கும், நட் தளரும், கப்பியின் பல் அரைபட்டுப்போகும்.

எனக்கு உதவுவது ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டி. வயர் கட்டுகிற அதே பட்டிதான். என் அக்காவின் மகன் பின்கப்பியை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பான். நான் பெல்டை உள்ளே அமுக்கி, மேல் வாரையும் கீழ் வாரையும் சேர்த்து நடுவில் பட்டியால் கட்டிவிடுவேன். கையை எடுத்தாலும் பெல்ட் மேலே வராது. முன்பக்க வளையம் தாராளமாகத் தொங்கும். முன்கப்பியை நிதானமாக வைத்து, அச்சின் பற்கள் கப்பியின் துளைக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றனவா என்று லைட் அடித்துப் பார்த்த பிறகே நட்டைக் கையால் ஏற்றுகிறேன். அளவாக இறுக்கியபின் பட்டியை வெட்டியெடுத்து, பின்சில்லைக் கையால் சுழற்றினால் பெல்ட் தானாக மேலேறி விளிம்புக்கு வந்துவிடும். தனியாக வேலை செய்பவருக்கு இந்தக் கட்டுப்பட்டி இன்னொரு ஆளின் கை. பெல்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைப் பார்க்க வேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

உள்ளே சேர்ந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள். பெல்டும் கிளச்சும் தேய்ந்த தூள் நெஞ்சுக்குக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் வழித்தெடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூளோடு மணலும் கலந்திருக்கும். அதை அப்படியே விட்டால் கிளச் உறுமும்.

வேலை முடிந்ததும் நான் வண்டியை உவர்மலை ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறேன். சமதரையில் ஒழுங்காக ஓடுவதுபோல் ஏமாற்றும் பெல்ட், அந்த ஏற்றத்தில் நின்று புறப்படும்போது உண்மையைச் சொல்லிவிடும்.

தேடாமல் இருப்பதற்கு

காந்தத் தட்டு ஒன்று, தலையில் மாட்டும் லைட் ஒன்று. இரண்டைப் பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை, வாங்குங்கள். லைட் தலையில் இருந்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கின்றன.

ஆனால் என் கராஜில் மிக அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது காசு கொடுத்து வாங்காத ஒன்று: பிஸ்கட் பெட்டி அட்டை. கவரைக் கழற்றும் முன் அதன் உருவத்தை அட்டையில் பேனாவால் வரைகிறேன். ஆணி இருக்கும் இடங்களில் துளை போட்டு, ஒவ்வொரு ஆணியும் கழன்றதும் அதற்குரிய துளையில் குத்திவைக்கிறேன். ஒரே தலை அளவாக இருந்தாலும் ஆணிகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். நீண்ட ஆணி குட்டைத் துளைக்குள் போனால் அடியை உடைக்கும், குட்டை ஆணி நீண்ட துளைக்குள் போனால் இரண்டு மரையில் மட்டும் தொங்கிப் பிய்ந்துவரும். அட்டையில் மொடலின் பெயரை எழுதிச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன். டியோ ஒன்றுக்கு வரைந்த அட்டை அடுத்த டியோவுக்கும் ஆகும். இப்போது மருமகன் என்னைக் கேட்காமலே அட்டையை எடுத்துக்கொண்டு உட்காருகிறான்.

பிளாஸ்டிக் உடலைக் கழற்றுவதற்குத் தட்டையான பிளாஸ்டிக் நெம்பிகள் தொகுதியாகக் கிடைக்கின்றன. இரும்பு டிரைவரால் நெம்பினால் கொக்கி முறியும், நிறமும் உரியும். ஆணியெல்லாம் கழன்ற பிறகும் கவர் வராவிட்டால் இழுக்காதீர்கள். எங்கோ ஓர் ஆணியோ கொக்கியோ மீதமிருக்கிறது. வயர்களைக் கழற்றும் முன் கைத்தொலைபேசியால் மூன்று படம் எடுத்துவிடுங்கள்.

திரும்பக் கழற்றாமல் இருப்பதற்கு

எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டோர்க் ரெஞ்ச் கராஜுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்ற எண்ணம் இங்கே பலமாக இருக்கிறது. நானும் கைக்கணக்கில்தான் பழகினேன். ஆனால் சின்ன ஆணிகளில்தான் கை ஏமாறுகிறது. ஆறு மில்லிமீற்றர் மரையுள்ள கவர் ஆணிக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவில் போதும், பத்து மில்லிமீற்றர் பிளக்குக்கு 10 முதல் 12. காலை முழுக்கப் பெரிய நட் இறுக்கிய கைக்கு இந்த அளவு தெரியாது. பின்சில்லின் அச்சு நட்டோ பல மொடல்களில் நூறைத் தாண்டும். ஒரே கருவி இரண்டுக்கும் ஆகாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சின்னதை வாங்குங்கள். துல்லியமான எண்ணை அந்தந்த மொடலின் சேர்விஸ் கையேட்டில் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் கருவியின் அளவைக் கடைசிக் கோடுவரை இறக்கிவைத்தால் அதன் சுருள் தளராது.

வால்வு இடைவெளி பார்க்கத் தகட்டு அளவி வேண்டும். இந்த வேலை எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே சரியாக வரும். காலையில் ஓட்டிவந்த வண்டி ஆற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால், இதற்கும் முந்தின நாள் பின்னேரமே வண்டி என்னிடம் வந்துவிட வேண்டும் என்று ரீச்சர்மாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு எழுந்து, எஞ்சின் கை வைத்தால் சில்லென்று இருக்கும்போது செய்தால் தேநீர் ஆறுவதற்குள் முடியும்.

ஒயில் மாற்றும்போது எஞ்சின் ஒயில் டப்பாவில் ஜாசோ எம்பி (JASO MB) என்ற ஜப்பானியத் தரக் குறி இருக்கிறதா பாருங்கள். ஸ்கூட்டரின் கிளச் ஒயிலில் நனையாமல் தனியாக இருப்பதால், வழுக்கல் அதிகமான இந்த வகையே அதற்குப் பொருத்தம். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு எம்ஏ (MA) வகை வேண்டும், அங்கே எம்பி போட்டால் கிளச் வழுக்கும். பின்சில்லுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் கியர் ஒயிலைப் பலர் மறந்தே விடுகிறார்கள். அது கொள்வது நூறு மில்லிலீற்றர் அளவில்தான், துளையும் கை நுழையாத கோணத்தில் இருக்கும். பாமசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சில் ஒரு துண்டுக் குழாயை மாட்டினால், அளந்தபடியே ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே போய்விடும். அந்தச் சிரிஞ்சில் 'கியர்' என்று எழுதிவையுங்கள். பிரேக் ஒயிலுக்கு வேறு சிரிஞ்ச், கலக்கவே கூடாது.

உப்புக்காற்றில் அக்சிலேட்டர் வயரும் பிரேக் வயரும் இறுகிப்போவது இங்கே வழமை. வயரின் வாயைக் கவ்விப்பிடித்து உள்ளே ஒயிலைச் செலுத்தும் சின்ன ரப்பர் கவ்வி ஒன்று இருக்கிறது. ஸ்பிறே குழாயை அதன் துளையில் செருகி அமுக்கினால் மறுமுனையில் முதலில் துருநீரும் பிறகு தெளிந்த ஒயிலும் வரும். வயரை மாற்றுவதற்கு உடலையெல்லாம் பிரிக்கும் வேலை அதோடு தள்ளிப்போகிறது.

ஸ்டார்ட் ஆகாத காலை

கார்த்திகை, மார்கழி மழையில் காலை ஆறரைக்கே தொலைபேசி வரத் தொடங்கும். 'தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகுதில்லை.' எடுத்த எடுப்பில் பற்றரியை மாற்றும் பழக்கம் ஊரில் இருக்கிறது. சனங்களின் காசு வீணாகிறதே என்பது என் ஆதங்கம். ஒரு சாதாரண மல்டிமீற்றர் மூன்று நிமிடத்தில் விடை சொல்லும். எஞ்சின் நிற்கும்போது பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழுச் சார்ஜ். பன்னிரண்டுக்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. ஸ்டார்ட் பண்ணி, சற்று வேகம் கொடுத்துப் பார்க்கும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏறினால் சார்ஜிங் ஒழுங்காக இருக்கிறது. ஏறாவிட்டால் புதுப் பற்றரி போட்டாலும் அடுத்த வாரம் அதுவும் இறங்கும்.

பலமுறை குற்றம் பற்றரியில் இருப்பதே இல்லை. பியூஸ் காலிலும் பூமி வயர் இணைப்பிலும் பச்சை படிந்திருக்கும். இணைப்புத் துப்புரவு ஸ்பிறே அடித்து, சின்னத் தூரிகையால் தேய்த்து, மேலே மெல்லிதாக வாஸ்லின் பூசிவிட்டால் ஒரு மாரி தாங்கும். வெள்ளத்தில் ஓடிய வண்டியானால் காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியில் தொங்கும் வடிகுழாயின் மூடியையும் கழற்றிப் பாருங்கள். அதில் தண்ணீர் நின்றால், பெட்டியைத் திறக்காமல் ஸ்டார்ட் பண்ண முயலக் கூடாது.

சீட்டுக்குக் கீழே

2009இல் கின்னியாப் பாலம் திறந்த பிறகு, முன்பு படகுப்பாதைக்குக் காத்து நின்றவர்கள் ஸ்கூட்டரிலேயே ஊருக்கு வந்து போகிறார்கள். அதுபோல் நிலாவெளி தாண்டிக் குச்சவெளிவரை தினமும் படிப்பிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வீதிகளில் கராஜ் இல்லாத தூரம் நீளமானது. அவர்களுக்கு ஒரு சின்னப் பை கட்டிக் கொடுக்கிறேன்.

டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் தொகுதி: துளையைத் துப்புரவாக்கும் திருகு, பசைத் திரியைச் செருகும் ஊசி, திரி ஐந்து. ஆணியைப் பிடுங்கும் முன் அது நுழைந்த கோணத்தைப் பார்த்து, அதே கோணத்தில் திருகை விட வேண்டும். திரியைச் செருகி ஊசியைச் சட்டென்று இழுத்ததும் வெளியே நிற்கும் வாலைச் சிறிது விட்டு வெட்டுங்கள். இது நடுப்பகுதித் துளைக்கு மட்டும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் ஓட்டக் கூடாது. காற்றடிக்க, சைக்கிள் பம்பைவிடச் சின்னதான, சார்ஜ் ஏற்றும் பம்ப் இப்போது கிடைக்கிறது. டயர் அழுத்தத்தை அதுவே காட்டும். பத்து அங்குலச் சில்லுக்குக் காற்று கொஞ்சம் என்பதால் விரைவில் நிரம்பிவிடும். டியூப் உள்ள டயர் என்றால் வழியில் கழற்ற நினைக்காதீர்கள், அதற்கு வால்வு திருகியும் இந்தப் பம்பும் மட்டும் வைத்திருந்து, மெல்லக் காற்றிறங்கும் டயரை நிரப்பி நிரப்பி வீடு வந்து சேருங்கள்.

அதோடு வண்டியில் இருக்கும் அதே அம்பியரில் இரண்டு பியூஸ், ஒரு பிளக், பிளக் சொக்கெட், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் ஒரு ஸ்பனர், நாலு கட்டுப்பட்டி, ஒரு சோடி ரப்பர் கையுறை. எல்லாவற்றையும் ஒயில் தடவிய பழைய துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். சீட்டுக்குக் கீழேயும் உப்புக்காற்று போகும்.